களிமண்ணும் கோடைப் பாசறையும்: ஒரு வரலாற்று நோக்கு

மட்பாண்டங்களைச் சான்றாகக் கொண்டு மனித வரலாற்றை எழுதியோர் பலர். புதைபொருளாராய்ச்சியாளர் ஓட்டுத்துண்டுகளைக் கொண்டு காலத்தைக் கணிப்பர். பொருளியல் வரலாற்றாசிரியர் அவற்றைக் கொண்டு வணிகப் பாதைகளை வகுப்பர். ஆயின் பாண்டம் ஆக்கும் வித்தை சிறுவருக்கு எவ்வாறு கற்பிக்கப்பட்டது என்னும் வினா அத்துணை எழுப்பப்படுவதில்லை. குயவனின் மகன் குயவனாவான் என்பது விதியாக இருந்த சமூகங்களில் அவ்வினா எழுவதற்கு இடமுமில்லை. எமது சமூகமும் அத்தகையதே. குயவரல்லாதாரின் பிள்ளைகளை அழைத்து, அவர்கள் கையிற் களிமண்ணைக் கொடுத்து, கலம் ஒன்று செய்யுமாறு கூறும் வழக்கம் எங்கே, எந்நோக்கத்துடன் தோன்றியது என்பது தனியே ஆராயப்படவேண்டியதாகும்.

இவ்வழக்கம் ஆழமாக வேரூன்றிய இடங்களுள் ஒன்று ஐக்கிய அமெரிக்காவின் கோடைப் பாசறை. நீண்ட கோடை விடுமுறையில் நகரச் சிறுவரை ஏரிக்கரைகளுக்கும் காட்டுப் பகுதிகளுக்கும் அழைத்துச் சென்று தங்கவைத்து, நீந்தவும் தோணி வலிக்கவும் தீ மூட்டவும் பழக்கும் நிறுவனம் அது. அதன் கைப்பணிக் கொட்டகையிற் களிமண்ணுக்கு நிலையான இடமுண்டு. அங்கே குயவர் சக்கரம் பெரும்பாலும் இரண்டாம் இடத்தையே பெறும். களிமண்ணை உருட்டித் திரியாக்கி, அத்திரிகளை வளையமாக ஒன்றன்மேலொன்று அடுக்கி, கையாலேயே கலம் அமைப்பதுதான் பிள்ளைகளுக்கு முதலிற் கற்பிக்கப்படுவது. ‘இந்தியர் இவ்வாறே செய்தனர்’ என்னும் வசனமும் நெடுங்காலமாக அதனுடன் சேர்த்தே கற்பிக்கப்பட்டு வந்தது. இந்தியர் என இங்கே குறிக்கப்படுவோர் கொலம்பசின் தவறினால் அப்பெயர் பெற்ற அமெரிக்க ஆதிக்குடிகள். அவ்வசனம் எவ்வாறு அக்கொட்டகைக்கு வந்து சேர்ந்தது, அதே காலத்தில் அந்த ஆதிக்குடிகளின் பிள்ளைகள் எங்கிருந்தனர் என்பனவே இக்கட்டுரையிற் கவனிக்கப்படுவன.

சிறுவர் கல்வியிற் களிமண்ணுக்கு முறையான இடம் வகுத்தவர் ஜெர்மனியரான பிரடெரிக் புரோபல். 1837இல் பிளாங்கன்பேர்க் என்னும் ஊரிற் சிறுவர்க்கான தமது நிறுவனத்தை அவர் தொடங்கினார். பந்து, கட்டை முதலிய ‘கொடைப் பொருள்கள்’ ஒருபுறமும், மடித்தல், நெய்தல், களிமண் பிடித்தல் முதலிய ‘தொழில்கள்’ மறுபுறமுமாக அவரது கல்விமுறை அமைந்தது. கட்டையைக் குழந்தை அடுக்கலாம், கலைக்கலாம். அதன் உருவை மாற்ற முடியாது. களிமண்ணையோ வேண்டியவாறெல்லாம் மாற்றலாம். இந்த வேறுபாட்டிலேதான் களிமண்ணின் கல்விப் பயன் தங்கியிருந்தது. எனினும் புரோபலின் மாணவிகளான ஆசிரியைகளின் கையில் அது விரைவில் உருண்டை, கனசதுரம், உருளை என்னும் வடிவப் பயிற்சியாகக் குறுகிற்று. 1851இல் பிரஷ்ய அரசு இப்பள்ளிகளைத் தடைசெய்ததும், நாடு நீங்கிய ஜெர்மானியர் வழியாக அமெரிக்காவில் இக்கருத்துப் பரவியதும் கல்வி வரலாறு கற்றோர் அறிந்தவை.

உரோமில் நிகழ்ந்த ஒரு முயற்சி இதைவிடச் சுவையானது. பிரான்செஸ்கோ றன்டோனே என்னும் கலைஞர், பழைய நகர மதிலைச் சேர்ந்த கோபுரமொன்றில் ‘கல்விக் கலைப் பள்ளி’ ஒன்றை நடத்தினார். வீடு, சுவர், கலம் முதலிய பொருள்களிடத்திலும் பழைய சின்னங்களிடத்திலும் சிறுவர் அன்பு பாராட்ட வேண்டும் என்பது அவரது கொள்கை. ஒரு பொருளைக் காக்க வேண்டும் என்று வாயாற் போதிப்பதால் யாது பயன்? அதை ஒருமுறை தானே செய்து பார்த்தவன் உடைக்கத் தயங்குவான். இப்பள்ளியைக் கண்டு கவரப்பட்ட மரியா மொண்டிசோரி, தமது முறையை விளக்கும் நூலில் மட்கலம் ஆக்குதற்கென ஓர் அத்தியாயத்தையே ஒதுக்கினார். கைக்குப் பயிற்சி தருவது வேறு, பயன்படும் பொருளொன்றைக் கையாற் செய்து முடிப்பது வேறு என்று அவர் அதிலே பிரித்துரைத்தார். புரோபல் வழியினரின் தொழில்களுட் பல முதல் வகையில் அடங்குவன என்பது அவரது குறை. கலம் ஆக்குவதோ இரண்டாம் வகையைச் சேர்ந்தது. ஐந்து ஆறு வயதளவிற் பிள்ளைகள் சக்கரத்தையும் தொடுகின்றனர். ஆயினும் சிறு செங்கற்களை அறுத்துச் சுவர் கட்டுவதே அவர்களை மிகவும் மகிழ்விக்கின்றது என்று அவர் எழுதியிருப்பது, பிள்ளைகளுடன் பழகிய எவருக்கும் வியப்பளிக்காது. 1939இல் இந்தியாவுக்கு வந்த மொண்டிசோரி, 1944இல் இலங்கையிலும் ஆசிரியர்க்கான பயிற்சி வகுப்பை நடத்தினார் என்பது ஈண்டு நினைவுகூரத்தக்கது. அவர் பெயரைத் தாங்கிய பாலர் பள்ளிகள் இன்று எமது ஊர்கள் தோறும் உள்ளன. அவர் அத்துணை வற்புறுத்திய களிமண்ணை அவற்றுட் சிலவற்றிலேயே காணலாம்.

மொண்டிசோரியும் றன்டோனேயும் கலத்தைத் தேர்ந்தமைக்கு மற்றொரு காரணமும் இருந்தது. மனித குலம் நாகரிகத்தை நோக்கி நடந்த பாதையிற் கலம் ஒரு தொடக்கப்படி. ஆகவே குழந்தையும் அப்படியில் ஏறுதல் பொருத்தம் என்று அவர்கள் எண்ணினர். இவ்வெண்ணம் அவர்களுக்கு மட்டும் உரியதன்று. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் அது கற்றோரிடையே காற்றோடு கலந்திருந்தது. அமெரிக்க உளவியலறிஞரான ஸ்ரான்லி ஹோல் அதனை ஒரு கோட்பாடாகவே வளர்த்தார். இனம் கடந்து வந்த படிகள் ஒவ்வொன்றையும் தனி மனிதன் தன் வளர்ச்சியில் மீளக் கடக்கின்றான். சிறுவன் ஒரு வகையிற் காட்டு மனிதன். அவனது காட்டுமிராண்டித்தனத்தை உரிய வயதில் வாழ்ந்து தீர்க்க விடாவிடின் அவன் பண்பட்ட மனிதனாகான் என்பது அவர் கூற்றின் சாரம். அவரது பெருநூல் 1904இல் வெளிவந்தது. இக்கோட்பாட்டின் உயிரியல் அடிப்படை பின்னர் தகர்ந்தது. ஆனால் அதன் மீது எழுப்பப்பட்ட நிறுவனங்கள் நிலைத்தன.

ஜோன் டூயி இதில் வேறுபட்டவர். 1896இல் சிக்காக்கோப் பல்கலைக்கழகத்தில் அவர் தொடங்கிய ஆய்வுப் பள்ளியிலும் தொல்கால மனிதரின் வாழ்க்கை ஒரு பாடப்பொருளாக இருந்தது. ஆனால் அங்கே தொழில் என்பது சிறுவனுக்குள் உறங்கும் காட்டு மனிதனை எழுப்பி அனுப்பிவிடும் சடங்கன்று. இடர்ப்பாடு ஒன்றை எதிர்கொண்டு அதற்கு விடை காணும் அறிவுச் செயல். தண்ணீரை எதில் எடுத்துச் செல்வது? மண் ஏன் வெடிக்கின்றது? தீயிலிட்டபின் ஏன் கரையவில்லை? ஹோலின் வழியும் டூயியின் வழியும் ஒரே கொட்டகையில், ஒரே களிமண்ணைச் சுற்றி நின்றன. பாசறைகள் இரண்டையும் வேறுபடுத்தி அறியாமலே ஏற்றுக்கொண்டன என்பது எமது கருத்து.

பாசறைகளின் வரலாற்றை இங்கு விரித்துரைக்க வேண்டுவதில்லை. கனெற்றிக்கட் மாநிலத்திற் பள்ளி நடத்திய வில்லியம் கன் 1861இல் தம் மாணவரைக் கடற்கரைக்கு அழைத்துச் சென்று கூடாரமடித்தமையை முதற் பாசறை என்பர். 1881இல் நியூ ஹாம்ப்ஷயரின் ஏரித்தீவு ஒன்றில் ஏர்னெஸ்ற் போல்ச் தொடங்கியது, பாசறைக்கென்றே அமைந்த தொடக்ககால நிறுவனங்களுள் ஒன்று. செல்வர் வீட்டுப் பையன்கள் வேலையாட்களால் மென்மைப்பட்டுப் போகின்றனர் என்பது போல்சின் கவலை. இவர்கள் ஆதிக்குடிகளை முன்மாதிரியாகக் கொள்ளவில்லை. அதனைச் செய்தவர் ஏர்னெஸ்ற் தொம்சன் சீற்றன். தமது காணியிற் சேதம் விளைத்த ஊர்ப் பையன்களைத் தண்டிப்பதற்குப் பதிலாக, 1902இல் அவர்களையே அழைத்துக் கூடாரமடித்து, அவர்களை ஓர் ‘இந்தியக் குலமாக’ அமைத்த கதை அவருடையது. 1910இல் லூதர் கியூலிக்கும் அவர் மனைவி சார்லற்றும் தோற்றுவித்த சிறுமியர் இயக்கம், ஆதிக்குடிப் பெண்ணுடையை ஒத்த சடங்கு ஆடையையும் மணிகளால் அமைந்த விருதுகளையும் கைக்கொண்டது. அவ்விருதுகளுட் கைப்பணிக்கெனத் தனிப்பிரிவு இருந்தது. சக்கரமின்றி வனையும் முறை பாசறைச் சிறுவரின் கைக்கு வந்தது இச்சூழலிலேயே. அது மனிதரின் ‘ஆதிநிலை’க்குரிய தொழில் என்ற மதிப்பீட்டுடன் வந்தது.

அம்முறை பாசறைக்குப் பொருந்தியமைக்குக் கோட்பாட்டைச் சாராத காரணங்களும் உள. சக்கரத்தில் மண்ணை நடுவே நிறுத்தப் பழகுவதற்கே வாரக்கணக்கிற் பயிற்சி வேண்டும். எட்டு வயதுப் பிள்ளையின் கைவலுவும் அதற்குப் போதாது. ஒரு சக்கரத்தில் ஒருவரே அமரலாம். மற்றப் பிள்ளைகள் காத்து நிற்பர். கையால் அமைப்பதற்கோ ஒரு பலகையும் ஒரு வாளித் தண்ணீரும் போதும். உருண்டையின் நடுவே பெருவிரலை அழுத்தி, சுற்றிச் சுற்றிக் கிள்ளி உயர்த்தினாற் சிறு கிண்ணம் பத்து நிமிடத்தில் உருவாகும். திரி அடுக்கும் முறையில் அளவு பெருகும். பிள்ளைகள் வழக்கமாக விடும் பிழை, திரிகளை அடுக்கிவிட்டு உட்புறத்தைத் தேய்த்து ஒன்றாக்காமல் விடுவது. வெளிப்பார்வைக்கு அழகாயிருக்கும், உலரும்போது திரிக்குத் திரி பிளந்துவிடும். காதோ பிடியோ ஒட்டுவதாயின் இரு புறத்தையும் கீறி, மட்குழம்பு பூசி, ஏறத்தாழ ஒரே ஈரத்தில் ஒட்ட வேண்டும். ஈரம் வேறுபட்டாற் சுருக்கமும் வேறுபடும். பிடி கழன்று விழும்.

பின்னர் வருவது காத்திருத்தல். பழைய பாசறைகள் பெரும்பாலும் ஏழெட்டு வாரங்கள் நடந்தமையால் அதற்கு இடமிருந்தது. நிழலில் மெல்ல உலர்ந்த கலத்திலும் ஈரம் ஒளிந்திருக்கும். தீ விரைந்து மூண்டால் அந்நீர் ஆவியாகி, வெளியேற வழியின்றிக் கலத்தை வெடிக்கச் செய்யும். மண்ணில் அகப்பட்ட காற்றே வெடிப்புக்குக் காரணம் என்று பல ஆசிரியர் கூறுவர். உண்மையான குற்றவாளி பெரும்பாலும் ஈரந்தான். வெப்பம் 600 பாகை செல்சியசை நெருங்கும்போது மண்ணின் கட்டமைப்பிலேயே பிணைந்திருந்த நீர் நீங்குகின்றது. அதன்பின் அது மண்ணாக மீளாது. குழியில் விறகிட்டுச் சுடும் இரவு பாசறைச் சிறுவருக்குப் பெரு விழா. மறுநாட் காலை சாம்பலைக் கிளறும்போது சிலருக்குக் கலமும் சிலருக்கு ஓடும் கிடைக்கும். தன் தவறின் விளைவை, ஒருவரும் ஏசாமல், பொருளே காட்டிக்கொடுக்கும் இத்தகைய பாடம் வகுப்பறையில் எளிதிற் கிடைப்பதன்று. மின்சூளை வந்தபின் உடைவு குறைந்தது; அப்பாடமும் ஓரளவு குறைந்தது.

இனி, அந்த வசனத்திற் குறிப்பிடப்பட்டவர்களிடம் செல்வோம். கொலம்பசின் வருகைக்கு முன் அமெரிக்காக் கண்டங்களிற் குயவர் சக்கரம் வழக்கில் இல்லை. அங்கே எழுந்த மாபெரும் மட்பாண்ட மரபுகள் யாவும் கையாலேயே வளர்ந்தவை. நியூ மெக்சிக்கோ, அரிசோனாப் பகுதிகளின் புவெப்லோ மக்களிடம் அம்மரபு இன்றுவரை அறுபடாது தொடர்கின்றது. அது பெரும்பாலும் பெண்களின் கலை. மண் எடுக்குமுன் மண்தாய்க்கு வழிபாடு செய்யும் வழக்கமுண்டு. மண் வெடிக்காதிருக்க எரிமலைச் சாம்பலையோ மணலையோ கலப்பர். ஆகோமா ஊரில் உடைந்த பழம் பாண்டங்களின் ஓடுகளை அரைத்துக் கலப்பர். பாட்டியின் காலத்துக் கலம் பேத்தியின் கலத்துள் அவ்வாறு மீண்டும் புகுகின்றது. மெருகிடும் கூழாங்கல் தாயிடமிருந்து மகளுக்குச் சொத்தாக வரும். காய்ந்த சாணத்தையும் விறகையும் இட்டுச் சுட்டு, உரிய கணத்திற் பொடிச் சாணத்தாற் புகை மூட்டி அடைத்தாற் செங்கலம் கருங்கலமாகும். இதிலே ‘ஆதிநிலை’ என்று கூறத்தக்கது யாது என்பது எமக்குப் புலனாகவில்லை. சக்கரத்தின் துணையின்றிச் சமச்சீரான பெருங்கலத்தை எழுப்பும் கண்ணும் கையும் சக்கரத்தை நம்பியவர்க்கு எளிதில் வாய்ப்பனவல்ல.

இக்கலை கற்பிக்கப்பட்ட முறையும் கவனிக்கத்தக்கது. பாட்டியோ சிற்றன்னையோ வேலை செய்யும்போது அருகில் அமர்ந்திருக்கும் சிறுமிக்கு ஒரு பிடி மண் கிடைக்கும். விளக்கவுரை அதிகமில்லை, பார்த்தல், தொடுதல், தவறுதல், மீண்டும் பார்த்தல் என்றே கல்வி செல்லும். சான் இல்டெபொன்சோ ஊரின் மரியா மார்ட்டினெஸ் தம் சிற்றன்னை நிக்கொலாசாவைப் பார்த்தே கற்றார். பின்னர் அவரும் கணவர் ஜூலியனும் உருவாக்கிய, கருமேல் கருவாக ஒளிரும் கலங்கள் உலகப் புகழ் பெற்றன. ஹோப்பி நாட்டில் நம்பேயோ, தம் ஊரருகே மண்ணில் மறைந்திருந்த பழம் பாண்டங்களின் கோலங்களுக்குப் புத்துயிர் அளித்தார். பிரான்சு போவாசின் மாணவியான ரூத் பன்செல் இப்பெண்களிடமே அமர்ந்து வனையக் கற்று, 1929இல் தமது நூலை வெளியிட்டார். கற்றறிந்தவர் குயவிச்சியிடம் மாணவியாக அமர்ந்த அந்நிகழ்ச்சி மானிடவியல் வரலாற்றில் ஒரு நற்காட்சி.

ஆயின், அதே அரை நூற்றாண்டில் அப்பாட்டியரின் அருகிலிருந்து பிள்ளைகள் பலர் அகற்றப்பட்டனர். 1879இல் இராணுவ அதிகாரியான றிச்சட் பிராற் பென்சில்வேனியாவின் கார்லைலில் ஆதிக்குடிச் சிறுவர்க்கான விடுதிப் பள்ளியைத் தொடங்கினார். இந்தியத் தன்மையைக் கொன்று மனிதனைக் காப்பதே தம் பணி என்று அவர் வெளிப்படையாகவே கூறினார். 1918இல் அது மூடப்படும் வரை 7,000க்கும் மேற்பட்ட பிள்ளைகள் அதனுட் புகுந்தனர். தலைமயிர் வெட்டப்பட்டது, தாய்மொழி தடுக்கப்பட்டது, பெயர்கள் மாற்றப்பட்டன. புவெப்லோப் பிள்ளைகளும் அங்கு கொண்டுசெல்லப்பட்டனர். அல்புகேர்க்கியிலும் சாண்டா பேயிலும் அவர்களுக்கென அரசாங்கப் பள்ளிகள் எழுந்தன.

கார்லைல் மாணவரின் கோடைக்காலம் எவ்வாறு கழிந்தது என்பதே எமது பொருளுக்கு மையமானது. விடுமுறையில் அவர்களை ஊருக்கு அனுப்பினாற் பழைய வழக்கத்திற்குத் திரும்பிவிடுவர் என்று பிராற் அஞ்சினார். ஆகவே அவர்களைச் சுற்றுப்புற வெள்ளையர் பண்ணைகளுக்கும் வீடுகளுக்கும் வேலைக்கு அனுப்பும் முறையொன்றை வகுத்தார். பையன்கள் வயலில் உழைத்தனர். சிறுமியர் சமையலும் சலவையும் செய்தனர். அக்காலத்திலேயே, சில நூறு மைல் வடக்கே, ஏரிக்கரைப் பாசறைகளில் வெள்ளையரின் பிள்ளைகள் இறகு சூடி, குல நாமம் புனைந்து ‘இந்திய’ வாழ்வைப் பழகத் தொடங்கினர். முன்னவர்க்குக் கோடை, தம் மரபை மறப்பதற்கான பருவம். பின்னவர்க்கு அது பிறர் மரபை விளையாடிப் பார்க்கும் பருவம். இரண்டையும் ஒரே கோட்பாடு தாங்கிற்று. ஆதிக்குடி வாழ்க்கை மனித குலத்தின் குழந்தைப் பருவமாயின், வெள்ளைக் குழந்தை அதிற் சில வாரம் தங்கிச் செல்வது நலம். ஆதிக்குடியினர் அதிலே தங்கியிருப்பது குற்றம்.

இவ்விடத்தில் ஒரு திருத்தம் வேண்டும். அரசாங்கப் பள்ளிகள் கைப்பணி முழுவதையும் எக்காலமும் தடுத்தன என்று கூறுதல் மிகையாகும். பள்ளிகளின் மேற்பார்வையாளராயிருந்த எஸ்ரெல் றீல் 1901இல் வெளியிட்ட பாடத்திட்டம் ஆதிக்குடிக் கைப்பணிகளுக்கு இடமளித்தது. சந்தையில் அவற்றுக்கு விலையுண்டு என்பது அதற்கொரு காரணம். 1906இல் ஹோ-சங் இனத்தைச் சேர்ந்த ஓவியர் ஏஞ்சல் டி கோரா கார்லைலிலேயே ஆதிக்குடிக் கலையைக் கற்பிக்க நியமிக்கப்பட்டார். எனினும் தாய்வீட்டிலிருந்து பிள்ளையைப் பிரித்தெடுத்தபின் தாயின் தொழிலைப் பாடநேரமாகத் திருப்பிக் கொடுப்பது எவ்வளவு தூரம் ஈடாகும்?

இரு உலகையும் அறிந்த ஒருவரும் இருந்தார். டக்கோட்டா இனத்திற் பிறந்து ஒகியேசா என்ற பெயர் பெற்ற மருத்துவர் சார்ள்ஸ் ஈஸ்ற்மன், 1890இல் வூண்டட் நீ படுகொலையிற் காயமுற்றோர்க்கு மருத்துவம் செய்தவர். கார்லைலிலும் சிலகாலம் பணிபுரிந்தவர். 1915இல் அவரும் மனைவி எலெயினும் நியூ ஹாம்ப்ஷயரிற் சிறுமியர் பாசறையொன்றைத் தொடங்கினர். வெள்ளைச் சிறுமியர்க்குக் காட்டு வாழ்வைக் கற்பித்தவர், அதனைக் குழந்தைப் பருவத்தில் உண்மையாகவே வாழ்ந்தவர். பிழைப்பின் தேவையும் அம்முயற்சிக்குப் பின்னால் இருந்தது. அவரை ஏமாற்றுக்காரர் என்றோ ஏமாந்தவர் என்றோ கூறிவிட்டு எளிதில் அகன்றுவிட முடியாது. தம்மவரிடம் உயர்ந்த அறிவு உண்டென்பதைக் காட்டுதற்கு அக்கால அமெரிக்கா அவருக்குத் திறந்துவைத்த கதவுகளுள் அதுவும் ஒன்று.

1928இல் லூயிஸ் மெரியம் தலைமையில் வெளிவந்த அறிக்கை விடுதிப் பள்ளிகளின் பட்டினியையும் சிறுவர் உழைப்பையும் அம்பலப்படுத்திற்று. 1933இல் ஜோன் கொலியர் ஆணையாளரானபின் கொள்கை மாறத் தொடங்கியது. 1935இல் ஆதிக்குடிக் கலைகளுக்கெனச் சட்டபூர்வமான சபை அமைந்தது. பாசறைகளிலும் அக்காலத்தில் மாற்றம் நிகழ்ந்தது. கனடாவின் ஆமெக் பாசறையை ஆராய்ந்து டிமொக்கும் ஹென்ட்றியும் 1929இல் வெளியிட்ட நூல், விருதுக்காகச் செய்யும் வேலையினும் ஆர்வத்தால் எழும் வேலையே குணத்தை வளர்க்கும் என்று வாதிட்டது. அத்துணை அறிவியல் நோக்குடன் நடந்த அப்பாசறையிலும் ஆதிக்குடி வேடம் புனைந்த வட்டக்கூட்டம் கைவிடப்படவில்லை! வியன்னாவிற் கண்பார்வையற்ற பிள்ளைகளின் களிமண் உருவங்களை ஆராய்ந்து, நாசிகளிடமிருந்து தப்பி அமெரிக்கா சேர்ந்த விக்ரர் லோவென்பெல்ட் 1947இல் வெளியிட்ட நூல், பிள்ளைக்கு மாதிரி காட்டிப் பின்பற்றச் செய்வதையே கண்டித்தது. இதன்பின் பல பாசறைகளிற் கலத்தின் வடிவம் பிள்ளையின் விருப்பத்திற்கு விடப்பட்டது. மரபின் பெயர் படிப்படியாக மறைந்து, திரி அடுக்கல் என்பது எவருக்கும் உரித்தற்ற ஒரு நுட்பமாயிற்று. பொய்யான வசனம் நீங்கியது நன்றே. ஆயின் அதனோடு உண்மையான கடனும் மறக்கப்பட்டது.

விடுதிப் பள்ளிகளின் வரலாறு பொதுமக்கள் அறிவுக்கு வர மேலும் பல்லாண்டுகள் சென்றன. 2022இல் ஐக்கிய அமெரிக்க உள்நாட்டுத் திணைக்களம் வெளியிட்ட அறிக்கை, 1819 முதல் 1969 வரை 408 பள்ளிகள் மத்திய அரசின் ஆதரவுடன் இயங்கியமையைக் கணக்கிட்டது. 2024 ஒக்டோபரில் குடியரசுத் தலைவர் பைடன் அரிசோனாவில் ஆதிக்குடியினர் முன் மன்னிப்புக் கோரினார். அவ்வாண்டு டிசெம்பரிற் கார்லைல் தேசிய நினைவிடமாக அறிவிக்கப்பட்டது.

மட்பாண்டங்களைப் பொறுத்தவரை இதற்குச் சற்று முன்னரே ஒரு நிகழ்ச்சி நடந்தது. தெவா மொழி பேசும் புவெப்லோ ஊர்களிலிருந்து சேகரிப்போர் எடுத்துச் சென்ற பாண்டங்கள் பல, ஸ்மித்சோனியன் நிறுவனத்தின் அமெரிக்க இந்தியர் தேசிய அரும்பொருளகத்தில் நெடுங்காலம் இருந்தன. தெவா மக்களின் பிரதிநிதிகள் சென்று அவற்றைக் கையில் ஏந்திப் பார்த்து நூறு கலங்களைத் தேர்ந்தனர். 2019இல் அவை நியூ மெக்சிக்கோவின் பொஹோவாக்கேயிலுள்ள போஎ பண்பாட்டு நிலையத்திற்கு வந்து சேர்ந்தன. அந்நிலையம் மட்பாண்டம் கற்பிக்கும் நிலையமுமாகும். பாட்டியரின் கைத்தடம் பதிந்த கலங்களை அருகிருந்து பார்த்தே அங்குள்ளோர் இப்போது வனையக் கற்கின்றனர். ‘அவை திரும்பி வந்தன’ எனத் தெவா மொழியில் அக்காட்சிக்குப் பெயரிட்டனர். சட்டப்படி அவை நீண்டகாலக் கடனாக வந்தவை.